மௌனத்தையும் எண்ணுங்கள்: டபுள் பேஸ் ஆடிஷன் கேள்வி பதில்

இளையோர் ஆர்கெஸ்ட்ராவுக்கும் இசைக் கல்லூரிக்கும் ஆடிஷன் (தேர்வு வாசிப்பு) போகிற டபுள் பேஸ் (வில்லால் வாசிக்கும் கம்பி வாத்தியங்களில் மிகப் பெரியது) மாணவர்கள் சிலரும், அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, லிஸ்ட்டில் பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனி, மூன்றாவது மூவ்மென்ட் (பகுதி) இருக்கிறது. மூன்று வாரம்தான் பாக்கி. எங்கே தொடங்குவது? (மாணவர், 17 வயது, சிங்கப்பூர்)

தம்பி, முதல் இரண்டு நாள் வில்லைத் தொடாதே. ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் இசைக் குறிப்பையும், திறந்து வைத்துக்கொண்டு மூவ்மென்ட் முழுவதையும் கேள். உன் கையில் இருப்பது வெறும் ஒரு துண்டு. அதற்கு முன்னும் பின்னும் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியாமல் வாசித்தால், கேட்கிறவர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

தொடக்கம் ரகசியம் பேசுகிற மாதிரி, பியானிஸ்ஸிமோ, அதாவது மிக மிக மெல்லிதாக. செல்லோவும் பேஸும் சேர்ந்து சி மைனர் சுரங்களில் கீழிருந்து மேலே ஏறுகின்றன. மேலே போகப் போக ஒலியைக் கூட்டத் தோன்றும், கூட்டாதே. நடுவில் வேகம் சற்றுத் தளர்ந்து நிற்கும் இடம் மற்ற வாத்தியங்களுடையது. நீ தனியாக வாசித்தாலும் அந்த இடத்தை மனதுக்குள் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் பழைய வேகத்தில் நுழை.

ட்ரியோ என்கிற நடுப்பகுதிதான் உண்மையான சோதனை. அங்கே சி மேஜரில் பேஸும் செல்லோவும் தனியாகப் பாய்ந்து தொடங்கும், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வருவார்கள். துள்ளி விளையாடும் யானையோடு இதை ஒப்பிட்டவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ். எனக்கு அந்த ஒப்புமை மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த யானைக்குக் காலடி பிசகக் கூடாது. பீத்தோவன் கொடுத்த குறிப்பு ஒரு பாருக்கு (தாள அளவுக்கு) ஒரு தட்டு, நிமிடத்துக்கு 96. நீ 60-இல் தொடங்கு. சுத்தமாக வந்தால் மட்டும் நாளுக்கு இரண்டு மூன்று கூட்டு. 96-ஐத் தொட்ட பிறகு மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) 48-இல் வை. இப்போது இரண்டு பாருக்கு ஒரு தட்டுதான் கேட்கும், நடுவில் இருப்பதை நீதான் தாங்க வேண்டும்.

ட்ரியோவின் இரண்டாம் பாதியில் ஓட்டம் ஒருமுறை கிளம்பி நிற்கும், மறுபடி கிளம்பி நிற்கும், மூன்றாம் முறைதான் தொடரும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது சுரங்களில் இல்லை, அந்த இரண்டு மௌனங்களில்தான். எனக்கும் 17 வயதில் அதுதான் நடந்தது. வீட்டில் சரியாக வந்தது. அறையில் நான்கு பேர் முன்னால், மௌனம் நீளமாகத் தோன்றியதால் அதைச் சுருக்கி அடுத்த ஓட்டத்துக்குள் பாய்ந்துவிட்டேன். பாதியில் "நன்றி" என்றார்கள். அன்றிலிருந்து நான் வில்லைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டு, வாயால் பாடி, மௌனங்களையும் எண்ணிப் பழகுகிறேன். நீயும் அப்படியே செய்.

மொஸார்ட் நாற்பதாம் சிம்பொனியில் ஸ்பிக்காட்டோ (வில்லைக் கம்பியில் குதிக்க விட்டு வாசிப்பது) கரகரவென்று வருகிறது. (மாணவி, லண்டன்)

வில் ரொம்ப உயரமாகக் குதிக்கிறது, அதனால்தான். பேஸ் கம்பி தடிமன். மேலிருந்து விழுந்தால் முதலில் கேட்பது மோதல், சுரம் பிறகுதான். கம்பியை விட்டு எழாமல் சின்னச் சின்ன இழுப்பாகத் தொடங்குங்கள், வேகம் கூடும்போது வில் தானே எழும். எழுகிற அளவு போதும். மிகத் தாழ்ந்த ஈ (E) கம்பியில் சுரம் பேச இன்னும் தாமதமாகும், அங்கே கொஞ்சம் முன்னதாகவே எடையைத் தயாராக வையுங்கள். முதல் மூவ்மென்டின் நடுப்பகுதியில் ராகக் கரு பேஸுக்கு வரும்போது வயலின்கள் மேலே ஓடும், அப்புறம் இடம் மாறும். எது உங்கள் கையில் இருக்கிறதோ அதற்கேற்ப ஒலி மாற வேண்டும்.

மாலரின் முதல் சிம்பொனி சோலோவில் சுருதி நிற்கவில்லை அக்கா. பயமாக இருக்கிறது. (மாணவி, சென்னை)

பயம் எல்லாருக்கும் உண்டு தங்கை. 1889-இல் புடாபெஸ்டில் முதலில் ஒலித்த சிம்பொனி அது. அதன் மூன்றாவது மூவ்மென்டில் ஐரோப்பியக் குழந்தைகள் பாடும் "ஃப்ரேர் ஜாக்" மெட்டை டி மைனருக்கு மாற்றி, ம்யூட் (ஒலியை அடக்கும் சிறு துண்டு) போட்ட ஒற்றை டபுள் பேஸிடம் கொடுத்தார் மாலர். பின்னணியில் டிம்பனி முரசு டி, ஏ என்று இரண்டே சுரம்.

உன்னிடம் தம்புரா செயலி இருக்குமே, அதை இரண்டு கட்டையில் வைத்து ஸ, ப ஒலிக்க விடு. டிம்பனி அடிக்கிற அதே இரண்டு சுரம் அது! அதன் மேல் மெட்டை முதலில் பாடு, பிறகு வாசி. எஃப் சுரம், அதாவது நம் சாதாரண காந்தாரம், அங்கே சரியாக உட்கார்ந்தால் மற்றவை பின்னாலேயே வரும். மேல் இடத்தில் ஒரு விரல் அகலம் தவறினாலே தனியாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டையும் (கை இடம் மாறுவதை) மெதுவாக, கை போய்ச் சேருகிற வழியைப் பார்த்துக்கொண்டே செய். "இழுக்காமல்" என்று மாலர் குறிப்பே எழுதியிருக்கிறார். சோகம் மெட்டிலேயே இருக்கிறது, நீ கூட்ட வேண்டியதில்லை.

மகனுக்குப் புது பேஸ் வாங்க வேண்டுமா? (ஒரு அம்மா, டொராண்டோ)

இப்போது வேண்டாம் அம்மா. ஆடிஷனுக்குச் சில வாரம் முன்னால் வாத்தியத்தை மாற்றினால் கையின் அளவே குழம்பும். நல்ல கம்பி மாட்டி, கம்பியின் உயரத்தை வாத்தியங்களைச் செய்து பழுது பார்க்கும் லூதியர் ஒருவரிடம் சரி செய்து கொடுங்கள். கம்பிகளை இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள்.

கான்செர்ட்டோவை (தனி வாத்தியத்துக்கு ஆர்கெஸ்ட்ரா துணையோடு எழுதிய இசையை) சோலோ ட்யூனிங்கில் பழகினேன். எக்ஸர்ப்ட்டுக்கும் (சிம்பொனிகளிலிருந்து எடுத்த துண்டுகளுக்கும்) அதுவே சரியா?

இல்லை. சோலோ ட்யூனிங் எல்லாக் கம்பியும் ஒரு முழுச் சுரம் மேலே. எக்ஸர்ப்ட் வழக்கமான ஈ, ஏ, டி, ஜி-யில்தான். கான்செர்ட்டோவை எதில் வாசிக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பீத்தோவன் ஒன்பதாம் சிம்பொனி ரெசிட்டேட்டிவை (பேசுகிற மாதிரி அமைந்த இசைப் பகுதியை) எவ்வளவு சுதந்திரமாக வாசிக்கலாம்?

பீத்தோவனே பதில் எழுதி வைத்திருக்கிறார்: ரெசிட்டேட்டிவின் தன்மையில், ஆனால் தாளத்துக்குள். அந்த "ஆனால்" முக்கியம். இதே வரிகளின் சாயலைத்தான் பின்னால் பாரிடோன் பாடகர் வார்த்தைகளோடு பாடுகிறார். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கேட்டுவிட்டு, வில்லை அங்கே மாற்றிப் பாருங்கள்.

ஃபோனில் பதிவு செய்து கேட்டால் கீழ்ச் சுரமே கேட்கவில்லை.

ஈ கம்பியின் அடிச்சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆனால் தினமும் பதிவு செய்யுங்கள், தாளம் ஓடுவது அதில் பொய் சொல்லாது.

வாசித்து முடித்ததும் "இன்னொரு முறை, மெல்லிய ஒலியில்" என்றால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தமா? (மாணவர், 16 வயது)

இல்லவே இல்லை தம்பி. சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்கிறாயா என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் உட்காரப் போகிறவனிடம் அவர்கள் தேடுவதே அதுதான். உடனே வில்லைத் தூக்காதே. ஒரு பார் மனதுக்குள் பாடு, வேகம் பிடிபடட்டும். பிறகு நிஜமாகவே வேறு ஒலியில், அறையின் கடைசி நாற்காலிக்கும் வித்தியாசம் கேட்கிற மாதிரி வாசி.