நேராகப் பின்வாங்கினால் கயிறுதான்: ஸ்பாரிங்கில் கால்களை எப்படி நகர்த்துவது?

கேள்வி: குத்துச்சண்டை பழகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. குத்துப் பையில் (பேக்) அடிக்கும்போது கோச் பெரிதாகக் குறை சொல்வதில்லை. ஆனால் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிராளி விடாமல் முன்னேறி வந்தால், நேராகப் பின்னால் போய்க் கயிற்றில் மாட்டிக்கொள்கிறேன். சில சமயம் கால் பின்னித் தடுமாறுகிறேன். கால் வேகம் கூடட்டும் என்று தினமும் அரை மணி நேரம் ஸ்கிப்பிங் செய்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறை கால் வேகத்தில் இல்லை, போகிற திசையில்தான் இருக்கிறது. முன்னால் போகிற வேகத்தில் பின்னால் போக யாராலும் முடியாது. எதிராளி முன்னால் வர, நீங்கள் நேராகப் பின்னால் போனால் அவர் உங்களைப் பிடித்தே தீருவார். இடமும் அதிகம் கிடையாது. அமெச்சூர் ரிங் என்பது கயிறுகளுக்குள் 6.1 மீட்டர் சதுரம். நடுவிலிருந்து கயிறு சுமார் 3 மீட்டர்தான். அரை அரை மீட்டராகப் பின்வாங்கினால் ஆறாவது அடியில் முதுகில் கயிறு உரசும். தினமும் ஒரு மணி நேரம் ஸ்கிப்பிங் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் முதலில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்: தொடர்ந்து இரண்டு அடிக்கு மேல் பின்னால் போகக் கூடாது, மூன்றாவது அடி பக்கவாட்டில். நேராக வருபவர் நீங்கள் இருந்த இடத்தைக் குறிவைத்துத்தான் வருகிறார். நீங்கள் ஒரு அடி விலகினாலே அவர் நின்று, திரும்பி, கால்களை மறுபடி சரிசெய்ய வேண்டும். உங்கள் குத்து போக வேண்டியது அந்தச் சின்ன இடைவெளியில்தான்.

சரி, எந்தப் பக்கம் விலகுவது? நீங்கள் இடது காலை முன்வைத்து நிற்பவர், எதிராளியும் அப்படியே என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பலமான வலது கை உங்களுக்கு இடப்புறம் இருக்கிறது. ஆகவே பொதுவாக உங்கள் வலப்புறம் விலகுவதுதான் பாதுகாப்பு. அவருடைய முன்காலுக்கு வெளியே போய்விடுவீர்கள். ஆனால் அந்தப் பக்கம் அவருடைய இடது ஹூக் (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து) காத்திருக்கும். விலகும்போது உங்கள் வலது கை கன்னத்தை விட்டு இறங்கவே கூடாது. எதிராளி சவுத்பா, அதாவது வலது காலை முன்வைத்து நிற்பவர் என்றால் இது அப்படியே தலைகீழ்: இடப்புறம் விலகி, உங்கள் முன்கால் அவருடைய முன்காலுக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை மாறாத விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கை ஆபத்தோ அதிலிருந்து விலகுவதுதான் விஷயம். 1964இல் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் சோனி லிஸ்டனோடு மோதியபோது, பின்னாளில் முகமது அலி என்று பெயர் மாற்றிக்கொண்ட காசியஸ் கிளே பெரும்பாலும் தன் இடப்புறமாகவே சுற்றினார். லிஸ்டனின் இடது கைதான் எல்லோரையும் வீழ்த்திக்கொண்டிருந்த கை. ஆறு ரவுண்டுக்குப் பிறகு லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்போது கால் பின்னுவதற்கு வருகிறேன். நடக்கும்போது ஒரு கால் மற்றதைத் தாண்டிப் போவது நமக்கு ஊறிப்போன பழக்கம். பதற்றத்தில் உடம்பு அதற்கே திரும்பிவிடுகிறது. சண்டையில் எந்தக் காலும் மற்றதைத் தாண்டக் கூடாது. எந்தத் திசையில் போகிறீர்களோ, அந்தத் திசைக்கு அருகில் இருக்கும் கால்தான் முதலில் போக வேண்டும். மற்றக் கால் தரையை உந்தித் தள்ளிவிட்டு, அதே தூரம் பின்தொடர வேண்டும். பின்னால் போக வலது கால் முதலில், இடது கால் தள்ளும். வலப்புறம் போகவும் வலது கால்தான் முதலில். இடப்புறம் என்றால் இடது கால் முதலில்.

பலர் தவறவிடுவது அந்த 'அதே தூரம்' என்பதை. முதல் கால் ஒரு அடி போய், இரண்டாவது கால் ஒன்றரை அடி வந்தால் பாதங்கள் நெருங்கிவிடும். அந்த நேரத்தில் லேசான ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) பட்டாலே தடுமாறுவீர்கள். உடம்பின் எடையைத் தாங்கும் தளம் அவ்வளவு குறுகிப்போயிருக்கும். கால் பின்னியதாக நீங்கள் நினைக்கும் பல தருணங்களில் உண்மையில் பாதங்கள் ஒட்டிப்போயிருக்கக்கூடும். ஒரு ஸ்பாரிங் ரவுண்டை போனில் படம் பிடித்து, இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். தெரிந்துவிடும்.

ஸ்கிப்பிங்கை விட வேண்டாம். கெண்டைக்காலுக்கும் மூச்சுக்கும் தாளத்துக்கும் அது நல்லது. ஆனால் அதில் பாதங்கள் இடுப்புக்கு நேர் கீழே, பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுகின்றன. திசை மாற்றவோ தள்ளி நகரவோ அது சொல்லித் தராது. அதைவிட, அந்தத் துள்ளலை ரிங்குக்குள் கொண்டுவருவது ஆபத்து. இரண்டு காலும் காற்றில் இருக்கும்போது உங்களால் எந்தப் பக்கமும் போக முடியாது. கூர்ந்து கவனிக்கும் எதிராளி நீங்கள் தரையிறங்கும் நேரம் பார்த்து அடிப்பார். பாதம் தரையை உரசியபடி நகரட்டும். பின்காலின் குதிகால் மட்டும் லேசாக எழும்பியிருந்தால் போதும்.

அரை மணியில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். தரையில் டேப் ஒட்டி ஒரு நீண்ட கோடு போடுங்கள். கோட்டின் மேல் ஸ்டான்ஸில் (சண்டைக்கு நிற்கும் நிலையில்) நின்று, இரண்டு அடி பின்னால், ஒரு அடி வலப்புறம், உடனே கோட்டைப் பார்த்துத் திரும்பி ஒரு ஜாப். மறுபடி கோட்டுக்கு வாருங்கள். முதல் வாரம் மிக மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் நின்று பாத இடைவெளி சரியா என்று பார்த்துச் செய்யுங்கள். வேகம் தானாக வரும்.

அப்புறம் ஒரு துணையோடு. அவர் உள்ளங்கையால் உங்கள் தோளைத் தொட முயன்றுகொண்டே முன்னேறட்டும். நீங்கள் கை உயர்த்தித் தடுக்கக் கூடாது, கால்களால் மட்டுமே தப்ப வேண்டும், இரண்டு அடிக்கு மேல் பின்வாங்கினால் அவருக்குப் புள்ளி. குத்து விழும் பயம் இல்லாததால் கால்கள் நிதானமாகக் கற்றுக்கொள்ளும். இதை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வாசில் லோமசென்கோவை அவருடைய தந்தை சிறுவயதில் உக்ரைனிய நாட்டு நடனம் கற்க வைத்தார். அவர் எதிராளியின் பக்கவாட்டில் போய் நிற்கும் விதத்தைப் பார்த்தால், குத்துப் பயிற்சி மட்டுமே கால்களைத் தயார் செய்வதில்லை என்பது புரியும்.

மேல் உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கால் தாமதமாகும்போது பலர் இடுப்பை வளைத்துத் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். மோவாய் மேலே போகும், எடை முழுக்கக் குதிகாலில் விழும், அதற்குப் பிறகு கால் நகராது. தலையை விலக்க முழங்காலை மடக்கி இடுப்பைத் திருப்புங்கள். முன்பக்கம் குனிந்தால் மூக்கு முன் முழங்காலைத் தாண்டக் கூடாது. கண் எதிராளியின் மார்பில் இருக்கட்டும். உங்கள் பாதங்களைக் குனிந்து பார்க்கவே வேண்டாம்.

ஓடுவதற்கான தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுப் பழகுகிறீர்கள் என்றால் மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் உந்தும்போது கணுக்கால் புரளும். மெல்லிய, தட்டையான அடிப்பாகம்தான் சரி.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் முதுகில் கயிறு படத்தான் செய்யும். அங்கே நின்று குத்துக்குக் குத்து அடிக்கப் போகாதீர்கள். மோவாயை இறக்கி, அவருடைய குத்து ஒன்றைக் கார்டில் (முகத்துக்கு முன் உயர்த்திய கைகளில்) வாங்கி, அது திரும்பும் கணத்தில் வலது காலை வலப்புறம் வைத்து வெளியேறுங்கள். அவர் மிக நெருங்கிவிட்டால் அவருடைய இரு கைகளையும் உங்கள் அக்குளுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவர் பிரித்துவிடுவார், பயிற்சிக்கூடத்தில் கோச் பிரித்துவிடுவார். பிரிந்ததும் முதல் அடியை ரிங்கின் நடுவை நோக்கி வையுங்கள்.