ஹிஸ்பானிக் தொழில்முறைச் சங்கத்துக்கு ஊரில் கிளை: கேள்வி பதில்

பதில் சொல்பவர் ஹூஸ்டனில் கணக்காளர். ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியில் வந்த அமெரிக்கவாசிகளின் இப்படி ஒரு சங்கத்தில் உள்ளூர்க் கிளைக்குப் பொருளாளராக இருந்த தமிழர்.

லபக், டெக்சஸ்: என் மனைவி கொலம்பியாக்காரர், ஆடிட் வேலை. இங்கே ஒரு கிளை தொடங்க ஆசைப்படுகிறார். எதை முதலில் பதிவு செய்வது சார்?

பதில்: எதையும் பதிவு செய்யாதீங்க. எந்தச் சங்கம் என்று முதலில் முடிவாகட்டும். கணக்கு, நிதித் துறை என்றால் ஆல்ஃபா (ALPFA) சங்கம். 1972-ல் ஹிஸ்பானிக் கணக்காளர்களுக்காக ஆரம்பித்தது. பொறியாளர்களுக்கு ஷிப்பி (SHPE). 1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சியில் வேலை பார்த்த பொறியாளர்கள் தொடங்கியது. எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு 1988-ல் ஒன்று வந்தது, 2016 முதல் அதன் பெயர் ப்ராஸ்பானிக்கா.

பெயரும் சின்னமும் தலைமையகத்தின் சொத்து. அனுமதி இல்லாமல் ஒரு துண்டுச்சீட்டுகூட அடிக்கக் கூடாது. அவர்களுக்கு எழுதும்போதே, ‘உங்கள் கூட்டு வரிவிலக்குக்குள் எங்கள் கிளை வருமா?’ என்று கேட்டுவிடுங்க. தலைமையகம் வாங்கிய வரிவிலக்கே கிளைகளுக்கும் செல்வதுதான் கூட்டு விலக்கு. வரும் என்றால் பாதி வேலை மிச்சம்.

வராது என்றால் கிளையை லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்ய டெக்சஸில் படிவம் 202, கட்டணம் 25 டாலர். குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். தலைவரும் செயலாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அப்புறம் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு (மத்திய வரித்துறை) வரிவிலக்கு கேட்டு 1023-ஈஸி விண்ணப்பம், 275 டாலர். வருட வரவு 50,000 டாலரைத் தாண்டாது என்று நம்பும் சின்ன அமைப்புக்குத்தான் அது.

இதற்கெல்லாம் முன்னால் பத்துப் பதினைந்து பேர் மாதாமாதம் வருகிறார்களா என்று பாருங்க. பெரிய நிறுவனங்களில் ஹிஸ்பானிக் ஊழியர் குழு இருக்கும். முதல் ஆட்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

ஆர்லாண்டோ: வரித்துறை அமைப்புகளுக்குத் தரும் அடையாள எண்ணான ஈ.ஐ.என்.னுக்கு ஒரு இணையதளம் 250 டாலர் கேட்கிறது. நியாயமா?

பதில்: இலவசம். ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே வாங்கலாம்.

டென்வர்: நாங்கள் நாலு பேர்தான். இப்போதைக்கு போனில் பணம் அனுப்பும் வென்மோ செயலியில், என் சொந்தக் கணக்கிலேயே பணம் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நாலு பேரானாலும் நானூறு பேரானாலும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு கிளையில் விருந்துக்கு வசூலித்த பணம் தலைவரின் சொந்தக் கணக்கில் கிடந்தது. அவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றலானது. பணம் திரும்பி வருவதற்குள் மண்டபக்காரர் முன்பணத்தை எடுத்துக்கொண்டார். யாரும் திருடவில்லை, ஆனாலும் கிளை உடைந்தது. கிளை பெயரில் வங்கிக் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து. அது வரும்வரை வசூலே வேண்டாம்.

சார்லட்: நிறுவனங்களிடம் ஸ்பான்சர் எப்போது கேட்பது?

பதில்: ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை. ஆகஸ்டில் போய் நின்றால் ‘பட்ஜெட் முடிந்தது’ என்பார்கள். வசந்த காலத்திலேயே போங்க. காசோலை கிளை பெயரில்தான். (டென்வர், படித்தீர்களா?)

டல்லாஸ்: ஹிஸ்பானிக் அல்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதியிலேயே எழுதினால் என்ன? இல்லையென்றால் வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள்தான் வந்து நிறைவார்கள்.

பதில்: எழுதாதீங்க. 1983-ல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கில், இனப் பாகுபாடு காட்டும் அமைப்புக்கு வரிவிலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1866 சிவில் உரிமைச் சட்டப்படி ஒப்பந்தங்களிலும் இனம் பார்க்கக் கூடாது. 2024-ல் ஸ்மித்சோனியனின் லத்தீனோ அருங்காட்சியகப் பயிற்சித் திட்டத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். எல்லா இனத்தவருக்கும் சமமாகத் திறந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துத்தான் முடிந்தது. என்னைப் பொருளாளர் ஆக்கினார்களே, நான் என்ன மெக்சிகோக்காரனா?

டல்லாஸ்: நீங்கள் விதிவிலக்கு. எல்லாரும் வந்தால் ஹிஸ்பானிக் சங்கம் என்று எதற்குப் பெயர்?

பதில்: நோக்கத்தை எழுதுங்க, ஆளை எழுதாதீங்க. ‘ஹிஸ்பானிக் தொழில்முறையாளர்களின் முன்னேற்றம்’ என்பது நோக்கம், அதில் தவறில்லை. ஏஜெண்டுகள் தொல்லைக்கு மருந்து வேறு: ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்துக்கு ஒரு மேஜை, இரண்டு ஆள், அவ்வளவுதான். உறுப்பினர் பட்டியலைக் கையில் கொடுக்காதீங்க.

மயாமி: டல்லாஸ் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் அறையில் பாதிப் பேர் காப்பீடு விற்க வந்தவர்கள்.

பதில்: அவர்களில் எத்தனை பேர் ஹிஸ்பானிக்? மயாமியில் பெரும்பாலும் அவர்களாகத்தானே இருப்பார்கள்? உங்கள் விதி அவர்களைத் தடுத்திருக்காது. வாசலில் பெயர் அட்டை எழுதும் இடத்தில் விவரமான ஒருவரை உட்கார வைத்து, ‘என்ன வேலை, யாரைப் பார்க்க வந்தீங்க?’ என்று கேட்கச் சொல்லுங்க. இது போதும், அடுத்த கேள்வி.

சியாட்டில்: எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் கிளை நிர்வாகியாக இருக்கலாமா?

பதில்: குடியேற்ற வக்கீலைக் கேளுங்க.

டாம்பா: ஈ.ஐ.என். வாங்க எவ்வளவு ஆகும்?

பதில்: மேலே ஆர்லாண்டோ.

ஃபீனிக்ஸ்: வரவே இல்லாத கிளையும் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா?

பதில்: வேண்டும். வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் 990-என் என்ற சுருக்கமான வருடாந்திர அறிவிப்பு, இணையத்தில் சில நிமிட வேலை. நிதியாண்டு முடிந்த ஐந்தாவது மாதம் 15-ம் தேதிக்குள் போக வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து அனுப்பாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். கூட்டு விலக்குக்குள் இருந்தால் தலைமையகம் உங்களையும் சேர்த்துக் கணக்குக் கொடுக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க. போனில் சொன்னது செல்லாது.