சத்தம் போடாத பெட்டி: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல, டிவி பக்கத்துல வெச்சு படம் பாக்கறதுக்குன்னே ஒரு சின்ன கம்ப்யூட்டர் செஞ்சுக்கலாம்னு போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், பாதிப் பேர் "எப்படி"ன்னு கேட்டிருக்கீங்க, மீதிப் பேர் ஏற்கெனவே செஞ்சுட்டு "ஏன் இப்படி கத்துது"ன்னு கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், உங்க கேள்வி அப்படியே இல்லையேன்னு கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பை டிவில மாட்டியிருக்கேன். கேம் ஆடறதுக்குன்னு வாங்கினது, நல்ல பவர். ஆனா 4கே படம் போட்டா ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கிளம்புது, படமும் திக்கித் திக்கி ஓடுது. இன்னும் பெரிய கூலர் வாங்கணுமா?

பதில்: கூலர் வாங்காதீங்க, வியாதி அங்க இல்ல. படம் ஓட்டறதுங்கறது கேம் ஆடற மாதிரி வேலையே கிடையாது. இப்ப வர்ற சிப்புங்கள்ல வீடியோவைப் பிரிச்சுக் காட்டறதுக்குன்னே தனியா ஒரு சின்ன பகுதி உண்டு. உங்க ஃபைல் எந்த கோடெக்ல, அதாவது வீடியோவைச் சுருக்கி வைக்கற எந்த முறைல இருக்கோ அது அந்தப் பகுதிக்குத் தெரிஞ்சிருந்தா ப்ராசஸர் காலை நீட்டி உக்காந்திருக்கும், தெரியலைன்னா மொத்த வேலையும் ப்ராசஸர் தலையில விழும், அது சூடாகும், ஃபேன் அலறும், அவ்ளோ அலறியும் ஃப்ரேம் விட்டுட்டு ஓடும். உங்க வீட்ல நடக்கறது அநேகமா இதுதான்.

4கே படங்கள் பெரும்பாலும் ஹெச்.265ங்கற கோடெக்ல, அதுவும் நிறத்தை நுணுக்கமா காட்டற 10 பிட் வகைல இருக்கும். இன்டெல்லை எடுத்துக்கிட்டா 2015ல வந்த 6ஆம் தலைமுறை 8 பிட் ஹெச்.265 வரைக்கும்தான் தாங்கும், 10 பிட் ஒழுங்கா வந்தது 7ஆம் தலைமுறைல, ஏவி1ங்கற புது கோடெக் வேணும்னா 11ஆம் தலைமுறை வரைக்கும் போகணும். அதாவது உங்க பழைய பீமன் திணர்ற அதே ஃபைலை, 2023ல வந்த என்100னு ஒரு சுண்டைக்காய் சிப், இன்டெல் அதுக்கு சொல்ற கணக்கே 6 வாட்தான், அலட்டிக்காம ஓட்டிட்டுப் போயிடும். சூடு இல்லைன்னா ஃபேனுக்கு வேலை இல்ல, ஃபேனுக்கு வேலை இல்லைன்னா சத்தம் இல்ல. இந்தப் பக்கத்துல இன்னிக்கு வர்ற பாதி பதில் இதோட பேரன் பேத்திங்கதான்.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாத்துடுங்க. கோடிங்கற படம் ஓட்டற சாஃப்ட்வேர்ல படம் ஓடும்போது கீபோர்டுல ஆங்கில ஓ எழுத்தை அழுத்தினா டிகோடர் விவரம் திரையில வரும், அதுல ஹார்டுவேர்னு குறிப்பு இல்லைன்னா ப்ராசஸர்தான் மூட்டை தூக்குதுன்னு அர்த்தம். சில சமயம் கிராபிக்ஸ் கார்டு புதுசாவே இருக்கும், ப்ளேயர் செட்டிங்ல மட்டும் ஹார்டுவேர் டிகோடிங் ஆஃப்ல கிடக்கும். ஒரு டிக் போட்டா தீந்துச்சு.

கேள்வி: ஃபேனே இல்லாத மாடல் வாங்கலாமா, ஃபேன் இருக்கறது வாங்கலாமா? வீட்ல இதுக்குத் தினமும் பஞ்சாயத்து.

பதில்: என் கதையைச் சொல்றேன், அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க. நான் முதல்ல வாங்கினது ஃபேன் இல்லாததுதான், வரி வரியா இரும்புத் துடுப்பு வெச்ச கனமான பெட்டி, பாக்கவே கம்பீரம். ஊசி விழுந்தா கேக்கற அமைதி. அதைக் கொண்டு போய் கதவு வெச்ச அலமாரிக்குள்ள, அதுவும் ஆம்ப்ளிஃபயர் தலைமேல வெச்சேன். ஒரு மணி நேரம் படம் ஜோரா ஓடும், அப்புறம் குதிக்க ஆரம்பிக்கும், நான் ஃபைல்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு திருப்பித் திருப்பி காப்பி பண்ணிட்டு இருந்தேன். ஒரு நாள் கைய வெச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. ஃபேன் இல்லாத பெட்டில அந்தப் பெட்டியேதான் சூட்டை வெளிய தள்ற கருவி, சுத்தி காத்து நகரலைன்னா அதால என்ன பண்ண முடியும், சிப்பு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். தப்பு பெட்டி மேல இல்ல, என் மேல. வெளிய எடுத்து திறந்த ஷெல்ஃப்ல நாலு பக்கமும் இடம் விட்டு வெச்சேன், அன்னிலேர்ந்து ஒரு குறையும் இல்ல.

அதனால திறந்த இடம் இருந்தா 6லேர்ந்து 15 வாட் சிப்புக்கு ஃபேன் இல்லாதது தாராளமா போதும். இல்லைன்னா ஃபேன் இருக்கறதையே வாங்குங்க, ஆனா ஃபேனோட சைஸைப் பாருங்க. 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன் அதே காத்தைத் தள்ளறதுக்கு தலை தெறிக்க சுத்தணும், அப்ப வர்ற அந்த உய்ய்ங்ங் இருக்கே, கொசு காதோரம் வந்த மாதிரி. 120 மில்லிமீட்டர் ஃபேன் நிமிஷத்துக்கு 500, 600 சுத்துல நிதானமா அதே வேலையைப் பாக்கும், சோஃபாலேர்ந்து கேக்கவே கேக்காது. அப்புறம் பயாஸ்ல, அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே போகக்கூடிய அடிப்படை செட்டிங்ல போய், எவ்ளோ சூட்டுக்கு எவ்ளோ வேகம்னு சொல்ற ஃபேன் கர்வைக் கொஞ்சம் சோம்பேறியா மாத்துங்க. நிறைய பேர் இதை விட்டுடறாங்க. ஒரே சீரா வர்ற சின்ன சத்தத்தைக் காது அஞ்சு நிமிஷத்துல மறந்துடும், ஏறி இறங்கி ஏறி இறங்கி வர்ற ஃபேனைத்தான் மறக்கவே முடியாது, நாலு டிகிரி ஏறினதுக்கே கத்த ஆரம்பிக்கற கர்வ் அது.

தூரமும் உதவி பண்ணும். திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும், அறைக்குள்ள சுவர் திருப்பி அடிக்கறதால அவ்ளோ கிடைக்காது, இருந்தாலும் ஓரளவுக்குக் குறையும்.

கேள்வி: ஃபேன் இல்லாததுதான் வெச்சிருக்கேன், ஆனாலும் மெல்லிசா "ங்ஙொய்"னு வருது. பேயா?

பதில்: ஹார்ட் டிஸ்க் இருக்கா? அதுதான் பேய். 7200 ஆர்பிஎம்னா நொடிக்கு 120 சுத்து, அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு பெட்டிக்கு எறங்கி, பெட்டிலேர்ந்து மரப்பலகைக்கு எறங்கி, மொத்த ஷெல்ஃபும் வீணைக் குடம் மாதிரி கூட முனகும். டிஸ்குக்கு அடியில ரப்பர் வைங்க, பாதி போயிடும். முழுசா போகணும்னா டிஸ்கை அந்த அறையை விட்டே அனுப்பணும். பெட்டிக்குள்ள சுத்தற பாகமே இல்லாத சின்ன எஸ்எஸ்டி, 64 ஜிபி கூட போதும், சிஸ்டம் மட்டும் அதுல இருக்கட்டும். படங்கள் இருக்கற டிஸ்குங்களை நாஸ்லயோ (நெட்வொர்க்ல மாட்டற டிஸ்க் பெட்டி) பழைய கம்ப்யூட்டர்லயோ மாட்டி வேற அறையில வெச்சு, நடுவுல ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துடுங்க. ஆமா, கேபிள்தான், வைஃபை ஸ்பீட் டெஸ்ட்ல எவ்ளோ காட்டினாலும் சரி. 4கே ப்ளூரே டிஸ்குல அதிகபட்ச வேகம் நொடிக்கு 100 மெகாபிட்டையும் தாண்டிப் போகும், சராசரி அதை விடக் கம்மிதான், ஆனா சண்டைக் காட்சி, மழைக் காட்சி வந்தா திடீர்னு எகிறும், வைஃபை சரியா அந்த நேரம் பாத்து தூங்கும். இன்னொண்ணு, சில டிவிங்கள்ல இருக்கற நெட்வொர்க் போர்ட் 100 மெகாபிட்தான், அதனாலதான் டிவியோட சொந்த ப்ளேயர்ல திணர்ற ஃபைல் கிகாபிட் போர்ட் இருக்கற பெட்டில வழுக்கிட்டுப் போகுது.

டிஸ்கும் இல்லைன்னா மதர்போர்டுலயோ பவர் அடாப்டர்லயோ இருக்கற காயில், அதாவது கம்பிச் சுருள் முனகுது. அடாப்டர்னா வேற மாத்திப் பாருங்க. போர்டுன்னா வாரன்டில திருப்பிக் கொடுங்க, அதுக்கு மருந்து இல்ல.

கேள்வி: எந்த சாஃப்ட்வேர்?

பதில்: கோடி. பயப்படாதீங்க, பணம் இல்ல, பேர்தான் அது, இலவசம். 2002ல எக்ஸ்பாக்ஸுக்குன்னு ஆரம்பிச்சது, எக்ஸ்பிஎம்சின்னு ரொம்ப நாள் ஓடி 2014ல இந்தப் பேருக்கு மாறிச்சு. படம் மட்டும் பாக்கப் போறீங்கன்னா லிப்ரஎலெக் போடுங்க, கோடி ஓடறதுக்குத் தேவையான லினக்ஸ் மட்டும் இருக்கும், ஸ்விட்ச் போட்ட கொஞ்ச நேரத்துல நேரா மெனு. வீட்ல நாலு அறையில நாலு பேர் பாக்கணும்னா நாஸ்ல ஜெல்லிஃபின் போடுங்க, ஒரே இடத்துலேர்ந்து எல்லா அறைக்கும் படம் அனுப்பற சாஃப்ட்வேர் அது.

கேள்வி: அதுல நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப் எல்லாம் 4கேல வருமா?

பதில்: அந்த ஆசையை இப்பவே விட்டுடுங்க. அந்த கம்பெனிங்க திருட்டு காப்பிக்கு பயந்து, ஹார்டுவேர்லயே பூட்டு இருக்கற கருவிக்குத்தான் நல்ல தரத்தைத் தருவாங்க, லினக்ஸ் ப்ரவுசருக்கு எல்லாம் தரம் குறைச்சுத்தான் தருவாங்க. டிவில இருக்கற ஆப்போ ஒரு ஸ்டிக்கோ அதுக்கு வெச்சுக்கோங்க, உங்க சொந்த கலெக்‌ஷனுக்கு இந்தப் பெட்டி. ரெண்டையும் ஒரே குடுவைல அடைக்கப் போனா ரெண்டும் கெடும்.

கேள்வி: அண்ணே, எல்லாம் பக்காவா செட் பண்ணிட்டேன், ஆனா கேமரா பக்கவாட்டுல நகரும்போது படம் லேசா வெட்டி வெட்டிப் போற மாதிரி இருக்கு. ப்ராசஸர் 10 சதவீதம் கூட ஓடலை.

பதில்: தம்பி, உங்க கண்ணு நல்லா இருக்கு, வாழ்த்துக்கள், இனிமே நிம்மதி போச்சு. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், உங்க டிவிக்கு கம்ப்யூட்டர் அனுப்பறது 60. 60ஐ 24ஆல வகுத்தா ரெண்டரை வருது, அரை ஃப்ரேமை எப்படிக் காட்டறது, அதனால ஒரு ஃப்ரேமை 2 தடவை, அடுத்ததை 3 தடவைன்னு மாத்தி மாத்திக் காட்டும், அந்த நொண்டல்தான் நீங்க பாக்கறது. கோடில ப்ளேயர் செட்டிங்ல வீடியோ பகுதிக்குள்ள ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை டிவிக்குப் படம் போகுதுங்கறதை, படத்துக்கு ஏத்த மாதிரி மாத்தறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, படம் ஆரம்பிக்கும்போதும் நிறுத்தும்போதும்னு வைங்க. டிவி ஒரு ரெண்டு செகண்ட் கறுப்பாகி வரும், அது சகஜம்.

இதுல இன்னும் ஒரு நூல் இருக்கு. டிஸ்குல வர்ற நிறைய படம் உண்மையில 24 கிடையாது, 23.976. நீங்க டிவிய சரியா 24ல ஓட்டினீங்கன்னா ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவை வரும், சுளீர்னு ஒரு சின்ன குதி. அதனால ரெஃப்ரெஷ் ரேட் லிஸ்ட்ல 23.976 தனியா இருக்கான்னு பாத்து அதையும் அனுமதிச்சுடுங்க. அப்படியே ஹெச்டிஎம்ஐயும் பாத்துக்கோங்க, பெட்டில 1.4 போர்ட் இருந்தா 4கேல 30 ஹெர்ட்ஸோட நின்னுடும், 60 வேணும்னா குறைஞ்சது 2.0. சினிமாவுக்கு 30 வரைக்கும் போதுமேன்னு தோணும், ஆனா மெனுல மவுஸ் நகர்றதைப் பாத்தீங்கன்னா ஆத்திரம் வரும்.

கேள்வி: வயர்லெஸ் கீபோர்டு சோஃபாலேர்ந்து விட்டு விட்டுத்தான் வேலை செய்யுது. பேட்டரி மாத்தியாச்சு.

பதில்: அந்தக் குட்டி ரிசீவர் பெட்டிக்குப் பின்னாடி நீல கலர் யுஎஸ்பி 3.0 போர்ட்ல, பக்கத்துலயே எக்ஸ்டர்னல் டிஸ்கோட சொருகியிருக்கும், சரியா? யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், உங்க கீபோர்டு பேசறதும் அதே அலைவரிசைல. சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரை டிவிக்கு முன்னாடி இழுத்துட்டு வாங்க. இதுக்காக மூணு கீபோர்டு மாத்தினவரை எனக்குத் தெரியும், அதாவது நான்.

கேள்வி: அம்மாவுக்கு கீபோர்டு எல்லாம் ஆகாது. டிவி ரிமோட்டே போதும்னு சொல்றாங்க.

பதில்: அம்மா சொல்றதுதான் சரி. டிவி ரிமோட் அழுத்தறதை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாவே பெட்டிக்குச் சொல்ற ஏற்பாடு பேரு சிஇசி. ராஸ்பெரி பைங்கற கையளவு குட்டி கம்ப்யூட்டர்ல அது பிறவியிலேயே உண்டு, பெரும்பாலான மினி பிசில இருக்காது, அதுக்குன்னு யுஎஸ்பி அடாப்டர் தனியா வாங்கணும், இல்லைன்னா இன்ஃப்ராரெட் ரிசீவர் போட்டு பழைய ரிமோட் ஒண்ணைப் பழக்கிக்கலாம். 1080ல ஹெச்.264ம் (ஹெச்.265க்கு முந்தின கோடெக்) 4கேல ஹெச்.265ம் மட்டும்தான் உங்க கலெக்‌ஷன்னா ராஸ்பெரி பை 4 அம்மாவுக்கு அழகா போதும். 5ல ஹெச்.264 ஹார்டுவேர் டிகோடரையே எடுத்துட்டாங்க, ப்ராசஸர்ல ஓட்டற அளவுக்கு வேகம் இருக்குன்னு கணக்கு, ஓடவும் ஓடுது.

கேள்வி: சண்டைக்கு வீடே அதிருது, பேசினா காதே கேக்கலை. சவுண்ட்பார் டிவில மாட்டியிருக்கு.

பதில்: பேச்சு பெரும்பாலும் நடு சேனல்ல இருக்கும், ஆறு சேனலை ரெண்டா சுருக்கும்போது அது அமுங்கிடும். படம் ஓடும்போது கோடியோட ஆடியோ செட்டிங்ல நடு சேனலை மட்டும் தூக்கற ஆப்ஷன் இருக்கு, கொஞ்சம் ஏத்துங்க. டிவி வழியா ட்ரூஹெச்டிங்கற உயர்தர ஆடியோ சவுண்ட்பாருக்குப் போகணும்னா சாதா ஏஆர்சி (ஹெச்டிஎம்ஐ வழியா டிவிலேர்ந்து சத்தத்தை வெளிய அனுப்பற ஏற்பாடு) போதாது, அதோட புது வடிவமான ஈஏஆர்சி வேணும். ஆப்டிகல் கேபிள்லயும் அது போகாது, எவ்ளோ தங்க முலாம் பூசின கேபிளா இருந்தாலும்.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது.

பதில்: அந்த ஃபான்ட்ல தமிழ் எழுத்தே இல்ல, அதான் கட்டம். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒண்ணைக் கோடியோட ஃபான்ட் ஃபோல்டர்ல போட்டு, சப்டைட்டில் செட்டிங்ல அதைத் தேர்ந்தெடுங்க. கட்டத்துக்கு பதிலா கன்னாபின்னான்னு குறி குறியா வந்தா ஃபைலை யுடிஎஃப்-8ங்கற எழுத்து முறைல சேவ் பண்ணுங்க.

கேள்வி: ராத்திரி பகல் ஆன்லயே வெச்சா கரண்ட் பில் எகிறுமா?

பதில்: 10 வாட் இழுக்கற பெட்டி 100 மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், அதாவது நாலு நாளைக்கு மேல. உங்க பழைய கேம் டெஸ்க்டாப் சும்மா உக்காந்திருக்கறதுக்கே அதைப் போல அஞ்சாறு மடங்கு குடிக்கும். ஆனாலும் ரிமோட்ல ஒரு பட்டனை சஸ்பெண்டுக்கு வெச்சுடுங்க, அமுக்கின ரெண்டு மூணு நொடில எந்திரிச்சு விட்ட இடத்துல நிக்கும்.