'எனக்கு' என்று தொடங்கினால் 'தெஞ்ஞு': போர்த்துகீசிய வினை 'தேர்' பழகுவது எப்படி?

கேள்வி: லிஸ்பனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஏ2 என்ற தொடக்கநிலை மொழித் தேர்வுக்காக ஆங்கிலம் வழியாகப் போர்த்துகீசியம் படிக்கிறேன். 'தேர்' என்ற வினையின் அட்டவணை முழுக்க மனப்பாடம். ஆனால் பேசும்போது வாயில் வருவதில்லை. 'சாப்பிட்டுவிட்டாயா?' என்று ஒருவர் கேட்டதற்கு, 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பதை நினைத்து 'தெஞ்ஞு குமீது' என்றேன். அவர் புரியாமல் விழித்தார். 'தீவ்', 'தீஞ்ஞ' இரண்டும் இறந்தகாலம் என்கிறார்கள். எதை எப்போது சொல்வது? 'தெஞ்ஞு தெ', 'தெஞ்ஞு கெ' இவற்றில் எது சரி?

பதில்: அட்டவணையில் தவறில்லை. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதுதான் உங்களைத் தடுக்கிறது. 'தேர்' என்றால் 'டு ஹேவ்', 'தெஞ்ஞு' என்றால் 'ஐ ஹேவ்' என்று படித்திருப்பீர்கள். தமிழில் அப்படியொரு வினையே கிடையாது; 'எனக்கு', 'என்னிடம்' என்று தொடங்கி 'இருக்கிறது' என்று முடிப்போம். இந்த வினையைப் பொறுத்தவரை நம் வழிதான் போர்த்துகீசியத்துக்குக் கிட்டே இருக்கிறது.

எனக்குப் பசிக்கிறது: 'தெஞ்ஞு ஃபோம்'. எனக்குத் தாகமாக இருக்கிறது: 'தெஞ்ஞு சேத்'. எனக்குத் தூக்கம் வருகிறது: 'தெஞ்ஞு சோனு'. எனக்குக் குளிருகிறது: 'தெஞ்ஞு ஃப்ரியு'. எனக்குப் பயம், எனக்கு அவசரம்: 'தெஞ்ஞு மேது', 'தெஞ்ஞு ப்ரெஸ'. எனக்கு முப்பது வயது: 'தெஞ்ஞு த்ரிந்த ஆனுஷ்'. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் 'ஐ ஆம்' போடுவார்கள். அந்த வழியாக வருகிறவர்கள் 'சோ த்ரிந்த ஆனுஷ்' என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். உங்களுக்கு அந்த ஆபத்து வரவே வேண்டியதில்லை. தமிழ் வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்கினால் நாக்கு 'தெஞ்ஞு' என்று தொடங்கட்டும்.

விலக்கு உண்டு. எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும் ஆகிய மூன்றுக்கும் 'தேர்' வராது. முறையே 'கோஷ்து தெ', 'செய்', 'கேரு'. இந்த மூன்றும் அன்றாடம் புழங்குபவை என்பதால் சீக்கிரமே தனியாக நின்றுவிடும்.

இன்னொரு ஒற்றுமையைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஓரமாகத்தான் சொல்கின்றன. 'சில்லறை இருக்கா?' என்று கேட்டால் நாம் 'ஆம்' என்று சொல்வதில்லை, 'இருக்கு' என்கிறோம். போர்த்துகீசியரும் அப்படித்தான், கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். 'தெய்ங்ஷ் த்ரோக்கு?' என்றால் பதில் 'தெஞ்ஞு'. இல்லையென்றால் 'நௌங் தெஞ்ஞு'. சூப்பர் மார்க்கெட்டில் காசாளர் 'தெய்ங் கர்த்தௌங்?' (கடை அட்டை இருக்கிறதா?) என்று கேட்பார், அங்கும் அதே ஒற்றைச் சொல்தான். 'சிங்' (ஆம்) என்று மட்டும் சொன்னால் தப்பில்லை, ஆனால் அந்நியமாகக் காதில் விழும். உங்கள் முதல் பயிற்சி இதுவாகட்டும்: சமையலறையில் உடன் வேலை செய்பவரிடம் நாள் முழுக்கக் கேளுங்கள். கத்தி இருக்கா, உப்பு இருக்கா, சாவி இருக்கா. சாவிக்கு 'ஷாவ்', நம்முடைய 'சாவி'யே அங்கிருந்து வந்ததுதான், 'ஜன்னல்', 'மேசை' போல. ஓர் எச்சரிக்கை: தோழர்களிடம் 'தெய்ங்ஷ்', வாடிக்கையாளரிடமும் மூத்தவரிடமும் 'தெய்ங்'. 'நீ'யும் 'நீங்களு'ம் பழகிய நமக்கு இது உறைக்காமல் போகாது. 'நீங்கள்' என்று பொருள்படும் 'வொசே' என்ற சொல்லை மட்டும் லிஸ்பனில் வாய்க்கு வாய் சொல்லாதீர்கள். பிரேசிலில் அது இயல்பு. போர்த்துகலில் பலருக்கு முகம் சுளிக்கும். பிரதிப்பெயர் இல்லாமல் வெறும் 'தெய்ங்' போதும்.

உச்சரிப்பைத் தமிழெழுத்தில் ஏறத்தாழத்தான் காட்ட முடியும். நான் லிஸ்பன் ஒலியைத் தருகிறேன். 'தெஞ்ஞு' என்பதில் வருவது 'ஞாயிறு' என்று அழுத்திச் சொல்லும்போது வரும் ஞகரம். 'தெய்ங்' என்பதில் ஙகரத்தை முழுதாக ஒலிக்காமல் மூக்கில் விட்டுவிடுங்கள். அதன் பன்மை வடிவத்துக்கு (அவர்களுக்கு இருக்கிறது) எழுத்தில் தலைமேல் கூரைபோல ஒரு குறி வரும். லிஸ்பனில் அதைச் சற்று இழுத்துச் சொல்வார்கள், பிரேசிலில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒலி ஒன்றே. 1990இல் கையெழுத்தான எழுத்துச் சீர்திருத்த ஒப்பந்தம் பல குறிகளை நீக்கியும் இந்தக் கூரையை விட்டுவைத்தது. ஆகவே எழுத்துத் தேர்வில் மறக்காதீர்கள்.

இனி உங்களை விழிக்கவைத்த 'தெஞ்ஞு குமீது'. உருவத்தில் அது 'ஐ ஹேவ் ஈட்டன்' போலவே இருக்கிறது, பொருளில் இல்லை. 'தேர்' நிகழ்கால வடிவத்தோடு இன்னொரு வினையின் எச்சம் சேர்ந்தால், அண்மைக்காலமாகத் திரும்பத் திரும்ப நடந்துவரும் செயலைக் குறிக்கும். அதற்கு நம்மிடம் அச்சொட்டான வடிவம் உண்டு: '-துவருகிறேன்'. 'தெய்ங் ஷுவீது முய்ந்து' என்றால் 'இப்போதெல்லாம் நிறைய மழை பெய்துவருகிறது'. 'தெஞ்ஞு துர்மீது மால்' என்றால் 'சில நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை'. நீங்கள் சொன்னது 'சாப்பிட்டுவருகிறேன்' என்றாகியிருக்கிறது. எதை, எத்தனை நாளாக என்று அவர் விழித்ததில் வியப்பில்லை. 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதற்கு வெறும் இறந்தகாலமே போதும்: 'ஜா குமி'. மேடைப் பேச்சை முடிக்கும்போது சொல்லும் 'தெஞ்ஞு தீது' (சொல்லி முடித்தேன்) இதற்கு ஒரு பழைய விதிவிலக்கு. அதைக் கேட்டு மயங்க வேண்டாம். 'சாப்பிட்டிருந்தேன்' என்பதற்கு மட்டும் பயமில்லாமல் 'தீஞ்ஞ குமீது' சொல்லலாம், நேருக்கு நேர் பொருந்தும்.

'தீவ்', 'தீஞ்ஞ' வேறுபாடு ஆங்கிலம் வழியாகப் படிப்பவரைத்தான் அதிகம் படுத்தும், ஏனென்றால் அங்கே இரண்டுக்கும் 'ஹேட்' ஒன்றுதான். 'போக வேண்டியிருந்தது', 'போக வேண்டியதாயிற்று' என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் போனோமா இல்லையா என்று தெரியாது, நிலைமை மட்டும் சொல்லப்படுகிறது. அது 'தீஞ்ஞ தெ இர்'. இரண்டாவதில் போயே விட்டோம். அது 'தீவ் தெ இர்'. பின்னணியாகப் பரந்து கிடக்கும் நிலைக்கு 'தீஞ்ஞ', ஒரு கட்டத்தில் நிகழ்ந்து முடிந்ததற்கு 'தீவ்'. சின்ன வயதில் நாயைக் கண்டால் எனக்குப் பயம்: 'தீஞ்ஞ மேது'. நேற்று அந்தச் சத்தம் கேட்டதும் பயந்துவிட்டேன்: 'தீவ் மேது'. வயது சொல்லும்போது 'தீஞ்ஞ'தான்: 'குவாந்து தீஞ்ஞ தேஷ் ஆனுஷ்', எனக்குப் பத்து வயதாக இருந்தபோது. கூட்டம் இருந்தது, யோசனை தோன்றியது, குழந்தை பிறந்தது போன்றவற்றுக்கு 'தீவ்'. தேர்வில் கதை சொல்லும் பகுதியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம்.

காதுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'இருந்தேன்' என்று பொருள்படும் 'இஷ்தீவ்' பேச்சுவழக்கில் தலை வெட்டுப்பட்டு 'தீவ்' ஆகிவிடும். 'தீவ் லா' என்று கேட்டால் 'அங்கே இருந்தேன்' என்று பொருள். பின்னால் ஒரு பொருள் வருகிறதா, ஓர் இடம் வருகிறதா என்று கவனித்தால் போதும். இதில் ஆதாயமும் இருக்கிறது: 'இஷ்தார்' (இருத்தல்) வினையின் 'இஷ்தீவ்' வகை இறந்தகால வடிவங்கள் 'தேர்' வினையின் 'தீவ்' வகை வடிவங்களுக்கு முன்னால் ஒரு 'இஷ்' சேர்த்தவைதான். ஒன்றைப் படித்தால் இரண்டு.

ஏன் இந்த வினை இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்று தெரிந்தால் மனப்பாடச் சுமை குறையும். லத்தீனில் இது 'தெனேரே', பிடித்துக்கொள்ளுதல். ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கில், இரு உயிரொலிகளுக்கு நடுவே நின்ற னகரம் தேய்ந்து விழுந்தது. 'லூனா' (நிலா) 'லூவா' ஆனது அப்படித்தான். 'தெனேரே' என்பதும் னகரத்தை இழந்து 'தேர்' என்று சுருங்கியது. பக்கத்து ஸ்பானியத்தில் இன்றும் 'தெனேர்'. 'வெனீரே' (வருதல்) 'வீர்' ஆயிற்று, 'போனெரே' (வைத்தல்) 'போர்' ஆயிற்று. ஆனால் 'தெனியோ' போன்ற வடிவங்களில் னகரத்தை ஒட்டி இகர ஒலி இருந்ததால், அது விழாமல் ஞகரமாக மாறிப் பிழைத்துக்கொண்டது. ஆகவே மூன்று வினைகளையும் சேர்த்தே படியுங்கள்: 'தெஞ்ஞு, வெஞ்ஞு, போஞ்ஞு', 'தீஞ்ஞ, வீஞ்ஞ, பூஞ்ஞ'. வாய்விட்டுச் சொன்னால் பாட்டுப்போல நிற்கும். 'தீவ்' என்ற வடிவத்தில் மட்டும் இந்த மூவரும் பிரிந்து போகிறார்கள். மற்றவர்களுடையது 'விங்', 'பூஷ்'.

'நேரம் இருந்தால்' என்பதற்கு இரண்டு வடிவங்கள். வாய்ப்பு திறந்திருந்தால் 'ஸெ திவேர் தெம்பு, வோ' (நேரம் இருந்தால் போவேன்). இல்லை என்று தெரிந்தே சொன்னால் 'ஸெ திவேஸ் தெம்பு, இய' (நேரம் இருந்தால் போவேன், எங்கே இருக்கிறது). தமிழில் 'இருந்தால்' ஒன்றே இரண்டுக்கும் போதும் என்பதால் நமக்கு இது கொஞ்சம் மெனக்கெடு. ஆனால் ஏ2 நிலையில் நிகழ்காலமும் மேலே சொன்ன இரண்டு இறந்தகாலங்களும் கைவந்தால் பெரும்பாடு முடிந்தது. இந்த 'இருந்தால்' வடிவங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'திவேரௌங்' (அவர்களுக்கு இருந்தது) என்ற வடிவத்தில் கடைசி 'ஔங்' ஒலியை வெட்டினால் 'திவேர்' கிடைக்கும் என்பதை மட்டும் குறித்துவையுங்கள்.

'தெஞ்ஞு தெ', 'தெஞ்ஞு கெ' இரண்டும் 'செய்தாக வேண்டும்' என்ற பொருளில் புழக்கத்தில் உள்ளவை. போர்த்துகலில் இலக்கணம் பார்ப்பவர்கள் முதலாவதை விரும்புவார்கள், பிரேசிலில் இரண்டாவதே அதிகம். நீங்கள் இருப்பது லிஸ்பன், எழுதப்போவது அங்கத்தியத் தேர்வு. 'தெஞ்ஞு தெ' என்றே பழகிவிடுங்கள்.

பிரேசிலியக் காணொளிகள் பார்க்கிறவராக இருந்தால் இரண்டு செய்திகள். ரியோ, சாவோ பாவுலோ பக்கம் 'தி' ஒலி 'ச்சி' ஆகும். 'தீவ்' அங்கே 'ச்சீவி', 'தீஞ்ஞ' அங்கே 'ச்சீஞ்ஞ'. அதோடு 'மேசைமேல் ரொட்டி இருக்கிறது' என்பதற்கும் அங்கே 'தெய்ங்' என்றே சொல்வார்கள். லிஸ்பனில் அந்த 'இருக்கிறது' 'ஆ' என்று ஒலிக்கும் ஓரசை வினை. கடைக்காரரிடம் 'தெய்ங் பௌங்?' என்று கேட்டால் 'உங்களிடம் ரொட்டி இருக்கிறதா?' என்று பொருள்பட்டு லிஸ்பனிலும் செல்லுபடியாகும். ஆளில்லாத வாக்கியத்தில்தான் கவனம் வேண்டும்.

'மன்தேர்' (தக்கவைத்தல்), 'ஒப்தேர்' (பெறுதல்), 'கொன்தேர்' (உள்ளடக்குதல்) என்று 'தேர்' வாலாக ஒட்டிய வினைகள் எதிர்ப்பட்டால் புதிதாக எதுவும் படிக்காதீர்கள். 'மன்தெஞ்ஞு, மன்தீவ், மன்திவேர்' என்று தலையை ஒட்டினால் போதும். 'ஸெ எவு மன்திவேர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஸெ எவு மன்தேர்' என்று அந்த மொழிக்காரர்களே சறுக்குவதைக் கேட்பீர்கள். நீங்கள் சரியாகச் சொல்லி அவர்கள் உங்களைத் திருத்த வந்தால், பணிவாகத் தலையாட்டிவிட்டுச் சரியானதையே தொடர்ந்து சொல்லுங்கள்.