மாரி நடை: வாசகர் கேட்டவை

*சனசமூக நிலையத்தால் ஞாயிறு காலை நடை தொடங்க இருக்கிறோம். ஐப்பசியில் தொடங்கலாமா, தை பிறக்கட்டுமா? எவ்வளவு தூரம் வைப்பது?*
— வாசகர், மாங்குளம்

தை பிறக்கட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் வன்னியில் குழுவாக நடக்கிற மாதங்கள் அல்ல. வடகீழ்ப் பருவமழையின் கனத்த பங்கு அப்போதுதான் கொட்டும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வந்துவிட்டால் நாட்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது. மார்கழியையும் முழுதாக நம்ப வேண்டாம். 2018இல் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் (மிகை நீரை வெளியேற்றும் கதவுகள்) திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர்கள் வெள்ளத்தில் நின்றது டிசம்பர் பிற்பகுதியில்தான். தைப்பொங்கலிலிருந்து மாசி முடியும்வரை நல்ல காலம்: குளம் நிரம்பியிருக்கும், காலை குளிர்ந்திருக்கும், பறவைகளும் இருக்கும். பங்குனியில் ஒன்பது மணிக்கே வெயில் சுடத் தொடங்கும்.

தூரத்தைக் கிலோமீற்றரில் யோசிக்காதீர்கள், மணிக்கணக்கில் யோசியுங்கள். நல்ல தரையில் பெரியவர்கள் மணிக்கு 4 கி.மீ. நடப்பார்கள். ஈரத் தரையில், சிறுவர்களும் வயதானவர்களும் சேர்ந்தால் 3 கி.மீ.தான். ஆகவே 6 கி.மீ. சுற்று என்றால் நடை மட்டும் இரண்டு மணித்தியாலம், நிற்கிற நேரம் அரை மணி. தை மாதத்தில் சூரியன் 6.25 அளவில்தான் உதிக்கும். 7 மணிக்குப் புறப்பட்டால் 9.30க்கு வீட்டில் நிற்கலாம். முதல் மூன்று, நான்கு கிழமைக்கு 4 கி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். முதல் நாளே எட்டு வைத்துவிட்டு அடுத்த ஞாயிறு பாதிப் பேரைத் தேடவேண்டி வரும்.

வழிநடத்துபவரின் வேலை சனிக்கிழமையே முடிந்துவிட வேண்டும். இரண்டு பேர் அதே நேரத்தில் அதே பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். மதகு உடைந்திருக்கிறதா, வான் பாயும் இடத்தில் பாதைமேல் தண்ணீர் ஓடுகிறதா, வாகனம் எதுவரை வரும், கைபேசிக்குச் சமிக்ஞை எங்கே இல்லை, பெண்கள் போகக்கூடிய மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி விடயத்தை ஆண்கள் மட்டும் போடுகிற திட்டத்தில் காண்பது அரிது. பிறகு பெண்கள் ஏன் வருவதில்லை என்று கூட்டத்தில் கேட்பார்கள்.

நடக்கும்போது முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னவரைத் தாண்டி எவரும் போகக்கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் நிற்கக்கூடாது. 15 பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எண்ணுங்கள். விசில் ஒன்று நீளமாக ஊதினால் நில், மூன்று குறுகியதாக ஊதினால் ஆபத்து என்று புறப்படுமுன் சொல்லி வையுங்கள்.

*குளக்கட்டில் நடக்க யாரிடம் கேட்க வேண்டும்? வயல் வரம்பால் போனால் தூரம் குறையுமே?*
— வாசகர், அக்கராயன்

பெரிய குளங்களின் கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. பாசனப் பரப்பு 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்குக் குறைந்த சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். கமக்காரர் அமைப்பின் தலைவருக்கும் கிராம அலுவலருக்கும் முதலே சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. தேசிய பூங்கா என்றால் கதை வேறு. 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் போன்ற இடத்துக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் குழுவை இறக்காதீர்கள்.

வரம்பு வேண்டாம். தையில் காலபோக நெல் கதிர் தள்ளிய நிலையில் அல்லது முற்றுகிற நிலையில் நிற்கும். ஊறிய வரம்பில் இருபது பேர் வரிசையாகப் போனால் விளிம்பு இடிந்து தண்ணீர் அடுத்த வயலுக்கு இறங்கிவிடும். கமக்காரன் ஏசுவதில் நியாயம் உண்டு.

கட்டிலும் நடுவால் நடவுங்கள். குளப்பக்கம் பதித்த கற்களில் பாசி பிடித்திருக்கும், கீழே முதலையும் இருக்கலாம். கை கால் கழுவ, செல்ஃபி எடுக்க என்று எவரையும் இறங்கவிடாதீர்கள். வான் பாய்கிற இடத்தில் ஓடும் நீர் கணுக்காலுக்கு மேல் நின்றால் திரும்பிவிட வேண்டும். நீரின் வேகம் மட்டும் காரணமல்ல. கலங்கிய நீருக்குக் கீழே பாதையின் விளிம்பு அரித்துப் போயிருந்தால் மேலிருந்து தெரியாது.

*எங்கள் பக்கம் காட்டுக்குள்ளால் பழைய வண்டில் பாதைகள் உண்டு. மிதிவெடி எடுத்து முடிந்துவிட்டது என்கிறார்கள். குழுவைக் கூட்டிப் போகலாமா?*
— வாசகி, புதுக்குடியிருப்பு

"என்கிறார்கள்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது, அம்மா. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அகற்றும் வேலை பெருமளவு நடந்திருக்கிறது, ஆனால் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. துப்புரவாக்கிக் கையளித்த நிலத்திலும் வெடிக்காத எறிகணை ஒன்று ஆழத்தில் கிடந்து பிறகு வெளிப்படலாம். மாரி அதற்கு உதவி செய்யும். ஓடைக்கரை அரிபட, மணல் நகர, நேற்று இல்லாத இரும்பு இன்று மேலே தெரியும்.

நாங்கள் பார்க்கிற அளவுகோல் இதுதான்: அந்தப் பாதையால் இந்த வருடம் மாடும் உழவு இயந்திரமும் விறகுக்குப் போகிறவர்களும் நாளாந்தம் போய் வருகிறார்களா? ஆம் என்றால், கிராம அலுவலரிடம் அந்தப் பகுதி கையளிக்கப்பட்டதா என்றும் உறுதிப்படுத்திக்கொண்டு போகலாம், பாதையை விட்டு இறங்காமல். புல் மூடிய பாதை, பழைய பங்கர், மண் அணை, கைவிட்ட முகாம், ஆள் இல்லாத வளவு இவற்றுக்குள் கால் வைக்க வேண்டாம். சிவப்பு அடையாளமும் மண்டையோட்டுப் பலகையும் இருந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று எடுப்பதுதான் பிழை. பலகை மழையில் விழும், ஆட்கள் கழற்றிக்கொண்டும் போவார்கள்.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. இடைவேளையில் தேநீர் வைக்கவோ குப்பை எரிக்கவோ தரையில் நெருப்பு மூட்டாதீர்கள். சில அங்குல மண்ணுக்குக் கீழே கிடக்கிற வெடிபொருளுக்குச் சூடு போதும். தேநீரைச் சுடுநீர்ப் போத்தலில் கொண்டுபோங்கள்.

சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் முன்னவர் "நில்" என்று சொல்ல எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தொடக்கூடாது, கல்லால் எறிந்து பார்க்கக்கூடாது, படம் எடுக்கக் கிட்டப் போகக்கூடாது. வந்த காலடியிலேயே ஒருவர் பின் ஒருவராகத் திரும்புங்கள். தூரத்தில், பாதையோரக் கிளை ஒன்றில் துணி கட்டிவிட்டு பொலிஸ் 119க்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். அடையாளத்துக்கு என்று தடி நடாதீர்கள்.

*என்ன சப்பாத்து வாங்குவது? பாட்டாச் செருப்போடு வரலாமா?*
— வாசகர், மல்லாவி

பாட்டா வேண்டாம். ஈர மண் அதைப் பிடித்து இழுக்க வார் கழன்றுவிடும், பாம்புக்கும் முள்ளுக்கும் பாதம் திறந்து கிடக்கும். உங்கள் பக்கம் துணுக்காய்க் கரும் களி. முருங்கனிலும் இதே வகைதான். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் பிசின். பத்து அடி நடப்பதற்குள் அடிப்பாகத்தில் ஒரு அப்பம் மண் சேரும், அதில் வைக்கோலும் கல்லும் ஒட்டும், இருபது அடியில் ஒவ்வொரு காலும் கனத்துவிடும். இந்த மண்ணில் ஆழமான பள்ளங்கள் உள்ள சப்பாத்து இன்னும் மோசம், மண் பள்ளத்தில் ஏறி இறங்காது. வரிகள் அகலமாகவும் மேலோட்டமாகவும் உள்ள சாதாரண ஓட்டச் சப்பாத்தே போதும், ஒரு சின்னத் தடியால் சுரண்டிவிடலாம். இரணைமடு, மாங்குளம் பக்கத்துச் செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வழுக்கல்தான் பிரச்சினை, ஆழமான வரிகள் உதவும். கடும் மழைக்கு அடுத்த நாள் களிப் பாதையை விட்டுக் கிரவல் வீதியால் போவதே புத்தி.

சொக்ஸ் இரண்டு சோடி, இரண்டாவது பொலித்தீன் பையில். கொப்புளம் வருவது சப்பாத்தின் விலையால் அல்ல, ஈரச் சொக்ஸ் உரசுவதால். உரசல் தொடங்கிய உடனே நின்று பிளாஸ்ரர் ஒட்டுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றால் தோல் போய்விடும். காலில் காயம் இருந்தால் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் வழியாகத்தான் ஏறும். நடைக்குப் பிறகு ஓரிரு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் வைத்தியரிடம் "சேற்றில் நடந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

*அம்மாவுக்கு 63 வயது, சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறா. குழுவில் சேர ஆசைப்படுகிறா.*
— வாசகி, வவுனியா

கிளினிக்கில் ஒரு சொல் கேட்டுவிட்டுச் சேரட்டும், நடை அவவுக்கு நல்லது. வெறும் வயிற்றோடு மட்டும் வரவேண்டாம். விடிய ஊசியும் போட்டுச் சாப்பிடாமலும் நடந்தால் பாதி வழியில் சீனி இறங்கிவிடும். நடுக்கம், குளிர் வியர்வை, பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் உடனே இருத்தி 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒரு பக்கம் சரித்துக் கிடத்தி அம்புலன்ஸ் 1990க்கு எடுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் அவவின் பையில் மட்டுமல்ல, கடைசியில் நடப்பவரிடமும் இருக்கட்டும். வேகத்துக்கு ஒரு சோதனை: கதைத்துக்கொண்டு நடக்க முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். வீடு திரும்பியதும் பாதங்களை வெளிச்சத்தில் பாருங்கள், விறைத்த காலில் கொப்புளம் நோகாது.

*நெடுங்கேணிப் பக்கம் யானை வருகிறது. என்ன செய்யலாம்?*
— வாசகர், நெடுங்கேணி

நேரத்தை மாற்றுங்கள். நன்றாக விடிந்து 7.30க்குப் பிறகு புறப்பட்டு, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், பின்னேர நடை வேண்டாம். சனிக்கிழமை பார்வையில் ஈரமான இலத்தியோ புதிதாக முறித்த கிளையோ தென்பட்டால் அந்தப் பாதை அந்தக் கிழமைக்கு இல்லை. தூரத்தில் யானை தெரிந்தால் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். பாதை இரண்டு பக்கமும் பற்றை மூடியதாக இருந்தால் அதை முதலிலேயே திட்டத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

*பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்?*
— ஆசிரியை, கிளிநொச்சி

தை, மாசியில் காட்ட எவ்வளவோ உண்டு. கட்டுக்குப் போகுமுன்னரே மின்கம்பியில் தகைவிலான் வரிசையாக இருக்கும், ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருவது. அதே கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் தும்பியைப் பிடித்து வந்து கம்பியில் அடித்துத் தின்னும். நின்று பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது மறக்காது. தாமரை, அல்லி உள்ள பக்கத்தில் நீளவால் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும். ஆழம் குறைந்த இடத்தில் சங்குவளை நாரை, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை. இவை இங்கேயே வாழ்பவை என்பதையும் சொல்லிக் கொடுங்கள், எல்லாப் பெரிய பறவையும் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துக் கூட்டங்களுக்கு மன்னார், சுண்டிக்குளம் பக்கத்துக் களப்புகள் பொருத்தம். பற்றையோரம் விடியலிலும் மாலையிலும் கூவுகிற ஆறுமணிக்குருவியைக் காண்பது கடினம், குரலைப் பழக்கிவிடலாம்.

தொலைநோக்கி 8×42 பெரியவர்களுக்கு, சிறுவர் கைக்கு 8×30 பாரம் குறைவு. பத்துப் பேருக்கு இரண்டு போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று விற்பதை வாங்காதீர்கள், கை நடுக்கத்தில் பறவை நிற்காது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் நீர்க்காகம்தான்.

*பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டுமா?*
— வாசகர், செட்டிகுளம்

வேண்டாம். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். மோதிரம், கொலுசு, சப்பாத்தைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. பாதுகாப்பாக நின்று படம் எடுக்க முடிந்தால் நல்லது. புடையனா சுருட்டையா என்று வைத்தியர் படத்தைப் பார்த்துச் சொல்வார்.

*மழையால் நடை நின்றுபோன ஞாயிறுகளில் குழு கலையாமல் இருக்க என்ன செய்யலாம்?*
— வாசகி, ஒட்டுசுட்டான்

மழையை அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான, பக்கம் நேரான போத்தல் அல்லது தகர டப்பா ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் கட்டுங்கள். தினமும் காலை 8.30க்கு அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து எழுதிவிட்டுக் கொட்டுங்கள். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். சோடாப் போத்தலை வெட்டினால் அடிப்பக்கக் குழி அளவைக் கெடுக்கும், கூழாங்கல் போட்டு அந்தக் குழி மூடுமளவுக்கு நீர் ஊற்றி, அந்த மட்டத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாரிக்குக் குறிப்பு இருந்தால், எத்தனை மில்லிமீற்றர் பெய்தால் உங்கள் மதகின்மேல் தண்ணீர் ஏறும் என்பது கொப்பியிலேயே தெரிந்துவிடும். அனர்த்த எச்சரிக்கைக்கு 117ஐயும் அதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.