சின்ன ரிவால்வர் சுட்டால் கை வலிக்கிறது, பிடியை மாற்றினால் குறையுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்காவில் இருக்கிறீர்கள், கையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, தோட்டா .38 ஸ்பெஷல். சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் இருபது தோட்டா சுடுவதற்குள் கை நொந்துபோகிறது. பிடியை மாற்றினால் சரியாகுமா, எதை வாங்குவது?

குறையும். ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையிலா, கட்டைவிரலின் அடிமூட்டிலா, நடுவிரல் முட்டியிலா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைக் கேட்காமல் பிடி விற்பவர்கள்தான் அதிகம். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் டெக்சஸில் இருக்கிறேன். 2.2 அளவு வளையல் போடுகிற கை எனக்கு. உங்களுடையதைப் போலவே 642தான் வாங்கினேன். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பது தாங்கவில்லை என்று கடையில் சொன்னதும், பின்பக்க உலோகத்தையும் சேர்த்து மூடுகிற தடித்த ரப்பர் பிடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளங்கை வலி அன்றைக்கே போய்விட்டது. ஆனால் இரண்டு வாரத்தில் கட்டைவிரல் அடிமூட்டு பிடித்துக்கொண்டது. ஈரத்துணி பிழிய முடியவில்லை, ஊறுகாய் ஜாடி மூடியைத் திருக முடியவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பிடி தடித்ததால் டிரிகர் எனக்கு எட்டாமல் போய்விட்டது. 642இல் ஒவ்வொரு முறையும் டிரிகரைச் சுமார் 12 பவுண்டு அழுத்தத்தில் நீளமாக இழுக்க வேண்டும்; விரல் நுனியால் முடிகிற காரியம் இல்லை. அதனால் என்னை அறியாமலே துப்பாக்கியைக் கைக்குள் திருகிப் பிடித்திருக்கிறேன். முன்கை நேராக வாங்கவேண்டிய உதையைக் கட்டைவிரல் மூட்டு ஒன்றே வாங்கியிருக்கிறது.

எந்தப் பிடியும் உதையைக் குறைப்பதில்லை. அது தோட்டாவையும் துப்பாக்கியின் எடையையும் பொறுத்தது. 642 வெறும் 410 கிராம் அளவுதான். நாலு அங்குலக் குழல் உள்ள பெரிய ரிவால்வரான ரூகர் ஜிபி100 சுமார் 1.1 கிலோ. அதே .38 தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால், பின்னால் வரும் ஆற்றல் 642இல் வருவதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூட. பிடி செய்வதெல்லாம் அந்த உதையை அகலமான பரப்பில் பரப்பிவிடுவதும், மெத்தை மாதிரி ஒரு கணம் தாமதப்படுத்துவதும்தான். 2003இல் வந்த, பலமாக உதைக்கும் பெரிய ரிவால்வரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 500 மேக்னத்துக்கு ஹோக் கம்பெனியின் ரப்பர் பிடியில் பின்பக்கம் தனி மெத்தை வைத்தது இதற்காகத்தான். 2009இல் வந்த சின்ன ரிவால்வரான ரூகர் எல்சிஆருக்கும் அதே கம்பெனியின் டேமர் பிடி வந்தது.

உங்கள் கைக்கு எது என்று கண்டுபிடிக்க நான் செய்ததைச் சொல்கிறேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரைத் திறந்து ஐந்து துளையும் காலியா என்று இரண்டு முறை பாருங்கள். உள்ளங்கையில் கோலமாவைத் தேய்த்துக்கொண்டு, சுடுவது போலவே இறுக்கிப் பிடித்துவிட்டு எடுங்கள். கறுப்பு ரப்பரில் வெள்ளை ஒட்டிய இடமெல்லாம் கை படுகிற இடம். எனக்கு, டிரிகர் கார்டுக்கு, அதாவது டிரிகரைச் சுற்றியுள்ள உலோக வளையத்துக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில் மாவே இல்லை. அந்த இடைவெளியால்தான் ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகர் கார்டு பின்னால் வந்து நடுவிரல் முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. பழைய மெல்லிய மரப்பிடிகளில் இந்தப் பள்ளம் இன்னும் பெரிது. அதை நிரப்பவே டைலர் டி-கிரிப் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு விற்கிறார்கள். முட்டி வலி என்றால் உங்களுக்கு மெத்தை வேண்டாம், இந்தப் பள்ளம் நிரம்பிய பிடி வேண்டும்.

அடுத்தது எட்டம், அதாவது டிரிகர் விரலுக்கு எட்டுகிறதா என்பது. குழல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்கும்படி பிடியுங்கள். ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் கணு டிரிகரில் உட்கார்ந்தால் நல்லது. நுனி மட்டும்தான் படுகிறது என்றால், பின்பக்கம் உலோகம் வெளியே தெரிகிற பிடியைத்தான் எடுக்கவேண்டும். பெரிய கைக்கு நேர்மாறு: பின்பக்கம் மூடிய, தடித்த பிடி. விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடிகளைச் சின்னக் கைக்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன். பள்ளம் உங்கள் விரலோடு பொருந்தாவிட்டால் மேடு விரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்து, இருந்த வலியும் கூடிவிடும்.

மரமா ரப்பரா? டெக்சஸ் வெயிலில் வேர்த்த கைக்கு வழவழப்பான மரம் நழுவுகிறது. கட்டம் கட்டமாகச் செதுக்கிய மரம் அரம் போல அறுக்கிறது. ரப்பரின் குறை, பையிலிருந்து எடுக்கும்போது துணியைப் பிடித்துக்கொள்வது. ரேஞ்சுக்கு மட்டும் என்றால் ரப்பரே போதும். இப்போது நான் வைத்திருப்பது மெல்லிய ரப்பர், முதுகு திறந்தது, பள்ளம் நிரம்பியது, சுண்டுவிரலுக்கும் இடம் உள்ளது. வாங்கும்போது ஜே ஃபிரேம் (642இன் சின்ன உடல் அளவு), ரவுண்ட் பட் (பிடிப் பகுதியின் அடி உருண்டையானது) என்று சொல்லிக் கேளுங்கள். எல்லாத் தோட்டாவையும் ஒரே நேரத்தில் சிலிண்டரில் போடும் ஸ்பீட் லோடர் பயன்படுத்தினால் இடது பக்கம் மேலே இழைத்துவிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

துப்பாக்கியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள். 642இல் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் சதை மாட்டிக்கொள்ளாது. கை தாழ்ந்தால் குழலின் வாய் அதிகம் எகிறும். பயிற்சிக்கு 148 கிரெய்ன் (குண்டின் எடை) வாட்கட்டர் என்கிற, முனை தட்டையான மென்மையான தோட்டா வாங்குங்கள். கூடுதல் அழுத்தம் உள்ள பிளஸ் பி தோட்டாவோடு ஒப்பிட்டால் பெரிய நிம்மதி. விரல் மரத்துப்போனால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள், மறுநாளும் மரப்பு இருந்தால் கை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் கழற்றிய அந்தத் தடித்த பிடியை என் கணவர் தன் ரிவால்வரில் மாட்டியிருக்கிறார். அதே மாடல்தான். அவர் கையில் விரலின் முதல் கணு சரியாக டிரிகரில் உட்காருகிறது. ஐம்பது தோட்டா சுட்ட பிறகும் வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.