வேட்டைக்காரரின் தூரிகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்வீடன் ஓவியர் புரூனோ லில்யேஃபோர்ஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவரைப் பற்றித் தேடினேன். அவர் வேட்டைக்காரர், கொன்ற பறவைகளையே மாதிரியாக வைத்து வரைந்தவர் என்று தெரிந்ததும் மனம் கசந்துவிட்டது. காட்டுயிர்களைக் காக்க வேண்டும் என்று சொல்கிற நாம் இவரை ஏன் கொண்டாட வேண்டும்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

நீங்கள் அறிந்தது உண்மைதான். 1884இல் தீட்டிய வல்லூறு ஓவியத்துக்கு, தாமே கொன்ற ஓர் இளம் வல்லூறைத்தான் மாதிரியாகக் கொண்டார். அதை அவர் மறைக்கவும் இல்லை. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் அந்தப் படத்தை அவர் அறைக்குள் தீட்டவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முழுவதும் திறந்தவெளியில் தீட்டியது அது. அக்காலத்து விலங்கு ஓவியங்கள் பலவற்றில் விலங்கு நடுவில் நிற்கும். காடு நாடக மேடையின் திரைச்சீலைபோல் பின்னால் தொங்கும். லில்யேஃபோர்ஸிடம் அந்தப் பிரிவே கிடையாது. அவருடைய பனி முயல்களைப் பாருங்கள். முதலில் பனி மட்டுமே தெரியும். பிறகு காதுகளின் கருநுனி, அதன்பின் கண், கடைசியில்தான் உடல். வெண்மைக்குள் இன்னொரு வெண்மையைப் பிரித்துக் காட்ட, குளிரில் நின்று நிழலின் நீலத்தைக் கண்டறிந்திருக்க வேண்டும்.

இது வெறும் கலை நுட்பம் என்று நான் நினைக்கவில்லை. அவர் விரும்பி வரைந்த வெண்வால் கடற்கழுகின் கதையைக் கேளுங்கள். சுட்டுச் சுட்டே அருகிப்போன அந்தப் பறவைக்கு 1924இல் ஸ்வீடன் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அப்படியும் அது தப்பவில்லை. ஸ்வீடனை ஒட்டிய பால்டிக் கடலில் கலந்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருளும் மீன்கள் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்தன. முட்டை ஓடு மெலிந்தது. கரு உள்ளேயே செத்தது. 1970களில் பால்டிக் கரையோரக் கூடுகளில் பெரும்பாலானவற்றில் குஞ்சே இல்லை. ஆர்வலர்கள் குளிர்காலம் முழுவதும் நஞ்சு கலவாத இறைச்சியைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். நச்சுகளுக்குத் தடை வந்து, கடல் மெல்லத் தெளிந்த பிறகுதான் கழுகுகள் மீண்டன. துப்பாக்கியை இறக்கிவைத்தால் மட்டும் போதவில்லை, கடலையும் மீட்க வேண்டியிருந்தது.

அவருடைய கழுகுப் படங்களில் கடல் பின்னணியாக இல்லை. அலையை எடுத்துவிட்டால் பறவையும் நிற்காது. உயிரையும் அதன் இடத்தையும் பிரிக்காமல் பார்த்த அந்தக் கண்ணைத்தான் நான் கொண்டாடுகிறேன். ஸ்டாக்ஹோமுக்கு வெளியே, கடல் தீவுக்கூட்டத்தில் அவருக்குச் சொந்தமாக இருந்த புல்லெரோ தீவு இன்று இயற்கைக் காப்பகம்.

உங்கள் கசப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடே பாருங்கள். ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் 1897ஆம் ஆண்டுக் கடற்கழுகுகள் ஓவியத்தை இணையத்தில் காணலாம்; அதிலிருந்து தொடங்குங்கள். பார்த்த பிறகும் கசப்பு மாறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அதையும் வெளியிடுகிறேன்.